முதுகில் வைத்த மை

இதய வால்வை மாற்றிக்கொண்டு வந்து நாலு மாதம் ஆகிறது. இப்போது மூச்சு வாங்காமல் கடைத்தெரு வரை நடக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆபரேஷனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நெஞ்சை எப்படித் திறந்தார்கள், எத்தனை தையல், வலித்ததா. சலிக்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த நாட்களில் நான் செய்த ஒரு காரியம் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை, நானாகவும் சொல்வதில்லை. அதை விட்டுவிட்டு எழுதினால் இது பாதிக் கதை. உங்கள் வீட்டிலும் என் தம்பியைப் போல ஒருவர் இருந்து, அவரை எங்கே விடுவது என்று அலைந்துகொண்டிருந்தால் இதைப் படியுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

என் பெயர் கலாவதி. பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலை. விவசாயி கொண்டுவரும் நெல்லின் ஈரப்பதத்தைப் பார்த்து, எடை போட்டு, பில் எழுத வேண்டும். இருபது வருஷமாகச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூட்டையின் வாயில் நன்றாகக் காய்ந்த நெல் இருக்கும், நடு வயிற்றில் நேற்று அறுத்த ஈர நெல் இருக்கும். "என்னம்மா கலா, நம்ம நெல்லயே குத்திப் பாக்குறியா?" என்று உறவு கொண்டாடுகிறவர் மூட்டையில்தான் அது நிச்சயமாக இருக்கும். அதனால் குத்தூசியை வாய்ப்பக்கம் விடவே மாட்டேன், நடுவில்தான் குத்துவேன். என் அப்பா இதே ஊரில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர், கைநாட்டு. அவர் மகள் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டை நகராது என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி பெயர் சேகர். நாற்பத்து மூன்று வயது. பிறந்தவுடன் அழவில்லை, மூளைக்கு மூச்சுக்காற்று போகத் தாமதமாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வலது கால் இழுக்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை வலிப்பு வரும். பேச்சு நாலைந்து வார்த்தை வாக்கியம்தான். பார்க்கிறவர்களை எல்லாம் "சாப்ட்டியா?" என்று கேட்பான். தபால்காரர், கன்றுக்குட்டி, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், எல்லாரையும் கேட்டிருக்கிறான். அம்மா போனபிறகு பதினாறு வருஷமாக என்னோடுதான் இருந்தான். எங்கள் வீட்டுக்காரர் செல்வராஜ் லோடு வண்டி ஓட்டுகிறார். காலையில் அவனைக் குளிப்பாட்டி, சவரம் செய்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம், இந்த மனுஷன் மனசுக்குள் என்னதான் வைத்திருக்கிறார் என்று.

குறுவைக் கொள்முதல் மும்முரமாக நடந்த சமயம். எடைமேடைக்கு இரண்டு படி. அதை ஏறியதும் எனக்கு நாயைப் போல இரைத்தது. தூசி என்று நினைத்தேன். படுத்தால் மூச்சு முட்டியது, தலையணையை மூன்றாக அடுக்கி உட்கார்ந்தபடி தூங்கினேன். ஒரு நாள் இருமினபோது சளியில் லேசாக ரத்தம். "இனிமே ஒரு நாள் கூட உன் பேச்சக் கேக்க மாட்டேன்" என்று இவர் கும்பகோணத்துக்கு இழுத்துப்போனார்.

அங்கே எக்கோ எடுத்தார்கள். நெஞ்சில் ஜில்லென்று ஒரு பசையைத் தடவி, சின்னக் கருவியை வைத்து அழுத்தினால் இதயம் அடிப்பது திரையில் தெரியும். வலி கிடையாது. எடுத்த டாக்டர் ஒன்றும் பேசாமல் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டால் நமக்கு நல்ல சேதி இல்லை. அப்புறம் தமிழில் சொன்னார். இதயத்துக்குள் நாலு வால்வு உண்டு, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற கதவுகள். அதில் இடப்பக்கத்து மைட்ரல் வால்வு எனக்குத் தடித்து ஒட்டிப்போயிருக்கிறது. துருப்பிடித்த வாய்க்கால் ஷட்டரைப் போல முழுசாகத் திறக்க மாட்டேன் என்கிறது. ரத்தம் தேங்கி நுரையீரலுக்குப் பின்வாங்குகிறது. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாகக் காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. அதற்கு அப்பா மந்திரித்த கயிறு கட்டியதும் ஞாபகம் இருந்தது.

"வால்வ மாத்தணும்மா. தஞ்சாவூர்ல செய்வாங்க. தள்ளிப்போடாதீங்க."

கமிஷன் வாங்குகிற டாக்டர் என்று முதலில் நினைத்தேன். இன்னொரு இடத்தில் பணம் கட்டி எக்கோ எடுத்தேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் கூட்டோ என்று மூன்றாவது இடம் தேடியபோது இவர் கையெடுத்துக் கும்பிட்டார். தஞ்சாவூருக்குப் போனோம்.

அந்த சர்ஜன் நிதானமானவர். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துத் திறந்து, வேலை முடிந்ததும் கம்பியால் கட்டி மூடுவார்களாம். எலும்பு ஒட்ட மூன்று மாதம் ஆகும். "அதுவரைக்கும் ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக் கூடாது."

"தம்பியத் தூக்கணுங்களே சார்" என்றேன்.

"எத்தனை வயசுக் குழந்தை?"

"குழந்தை இல்லைங்க. எழுபத்தெட்டு கிலோ."

சேகருக்கு வலிப்பு வந்து விழுந்தால் தூக்கி ஒருக்களித்துப் படுக்கவைப்பது, காலையில் கழிவறைக்கு அணைத்துப்போவது என்று எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, "மூணு மாசம் மட்டும் இல்லம்மா, அதுக்கப்புறமும் நீங்க அந்த வெயிட்டத் தூக்கக் கூடாது" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். இவர்தான் அந்த வார்த்தையை முதலில் எடுத்தார். "ஏதாவது ஹோம் பாப்பமா, கலா?"

எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "பதினாறு வருஷம் இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தீங்களா? எனக்கு நெஞ்சு கெட்டது உங்களுக்கு வசதியாப் போச்சு" என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் எழுந்துபோய் எனக்கு ஒரு பால் வாங்கிவந்தார். நீங்களே சொல்லுங்கள், வேறு யார்தான் பார்ப்பார்கள்? மகள் திருப்பூரில், கைக்குழந்தைக்காரி. இவர் ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்தாக வேண்டும். அது எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் கத்தினேன்.

ரத்தப் பரிசோதனை, பல் பரிசோதனை (பல்லில் சீழ் இருந்தால் அந்தக் கிருமி புது வால்வில் போய் உட்காருமாம்), ஆஞ்சியோ என்று ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு மாதம் இழுத்தது. அந்த இடைவெளியில் ஹோம் தேடினோம். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒன்று. பளபளவென்று டைல்ஸ், சுவர் முழுக்க நன்கொடையாளர் பெயர். எங்களைக் கண்டதும் பத்துப் பேரை வரிசையாக நிறுத்திப் பிரார்த்தனை பாடவைத்தார்கள். நான் கழிவறைக்குப் போகணும் என்றேன். "ஆபீஸ் ரூம்ல இருக்குங்க மேடம்" என்றார்கள். அவர்கள் போகிற கழிவறையைக் கேட்டேன். சாவி இல்லை என்றார்கள். அங்கேயே முடிந்தது.

இரண்டாவது இடத்தில் போனில் பேசினவர் தேனாகப் பேசினார். நேரில் போனபோது காலை பதினொரு மணி. அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குறட்டைச் சத்தம் கூட இல்லாத தூக்கம். என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "அமைதியா இருக்கிறதுக்குத்தான்" என்று சிரித்தார். நான் சேகர் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவன் வாசலில் நின்று, தூங்குகிறவர்களைப் பார்த்து, "சாப்ட்டியா?" என்று கேட்டான். 

மூன்றாவதுதான் மல்லிகா நடத்துகிற இடம். அரசலாற்றுக் கரையில் பழைய வீடு. பதினாலு ஆண்கள். பெயர்ப்பலகையில் பெயிண்ட் உரிந்திருந்தது. போன நேரத்தில் கொல்லையில் கொடி முழுக்க வேட்டியும் லுங்கியும் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் அவரைக்காய் நறுக்கினார்கள், ஒருவர் என்னமோ கத்திக்கொண்டிருந்தார். சத்தமும் ஈரமுமாக இருந்தது. கழிவறையைக் கேட்டேன். "அதோ, திறந்துதான் கெடக்கு" என்று கையைக் காட்டினார். பார்த்தேன். பரவாயில்லை.

மல்லிகாவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நான் ஒரு கேள்வி கேட்டால் அவர் மூன்று கேட்டார். ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் போன் நம்பர், என் ஆபீஸ் நம்பர். "நான் உங்க வீட்டுக்கு வந்து பாப்பேன். வாசல்ல நிக்க வச்சு போட்டோ எடுத்துப்பேன்."

"எதுக்குங்க அது?"

"வந்து அழுதுட்டு விட்டுட்டுப் போறவங்க அடுத்த வாரம் சிம்கார்ட மாத்திடுறாங்கம்மா. இதோ இந்தக் கோபாலு, அஞ்சு வருஷம். அவங்க அண்ணன் கொடுத்த விலாசத்துல ஒரு உரக்கடை இருக்கு. நீங்க ஆபரேஷன்னு சொல்றீங்க. எல்லாரும் ஏதாவது ஒண்ணு சொல்லத்தான் செய்றாங்க."

எக்கோ ரிப்போர்ட்டை மேசையில் போட்டேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, என் பெயர், வயது, தேதி எல்லாம் படித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்னையே குத்தூசி விட்டுப் பார்க்கிறாளே என்று. ஆனால் சொன்னபடி வீட்டுக்கு வந்தார், போட்டோ எடுத்தார். சேகர் அவரைச் சாப்பிட்டியா என்று கேட்டான். "இல்ல, என்ன வச்சிருக்க?" என்றார். அவன் சமையல்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

ஆபரேஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது அவனைக் கொண்டுபோய் விட ஏற்பாடு. இப்போதுதான் அந்தக் காரியம் வருகிறது.

முகம், கை, கால் எல்லாம் யாரும் கழுவிவிடுவார்கள். சொந்தக்காரர் வந்தால் கண்ணில் படுகிற இடங்கள். நடு முதுகை அக்கறை இருக்கிறவன்தான் தேய்ப்பான். இது என் கணக்கு. சாக்கில் நிலைய எண் அடிக்கிற கறுப்பு மை ஆபீசில் இருந்தது. ஒரு பாட்டிலில் கொஞ்சம் எடுத்துவந்தேன். கிளம்புகிற அன்று அவன் சட்டை போடும் முன், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வைத்தேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. தினம் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பத்து நாளில் மங்கும். மங்காவிட்டால் தண்ணியை ஊற்றி விரட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

அவனுக்குக் கூச்சம், சிரித்தான். "என்னக்கா?"

"பொட்டுடா. கண்ணு படக் கூடாதுல்ல, அதுக்கு."

திருஷ்டிப் பொட்டு என்றால் அவனுக்குத் தெரியும். மகளுக்கு நான் வைத்ததைப் பார்த்திருக்கிறான். பெருமையாகச் சட்டையைப் போட்டுக்கொண்டான். விட்டுவிட்டுத் திரும்பும்போது நான் அழுதேன். மல்லிகா அதையும் நம்பாத கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினொன்றாம் நாள் போனேன். சேகர் காலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்து கட்டிக்கொண்டான். முதுகைத் தொட்டதும் "ஆ" என்று துள்ளினான். சட்டையைத் தூக்கினேன். நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து, மஞ்சள் மருந்து பூசியிருந்தது.

 "சுட்டீங்களா? அடிச்சீங்களா? வாயில்லாத புள்ளன்னுதானே?" என்று கத்தினேன். அடுத்த வீட்டுச் சுவருக்கு மேலே தலைகள் தெரிந்தன. இவர் என்னைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார். மூச்சு இரைக்க இரைக்கக் கத்தினேன்.

மல்லிகா வந்தார். "போன் பண்ணலாம்னுதான் நினைச்சேன். ஆஸ்பத்திரிக்கு அலையிறீங்களேன்னு விட்டேன்" என்றார்.

"மறைச்சிருக்கீங்க!"

"பாண்டியா, இங்க வா" என்றார் மல்லிகா.

பாண்டியன்தான் அங்கே குளிப்பாட்டுகிறவர். நாற்பது வயது, முன்பு செங்கல் காளவாயில் வேலை பார்த்தவர், பெரிய கைகள். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நின்றார். "கறுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சுங்க. அழுக்குன்னு நினைச்சேன். சோப்புக்குப் போகல. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேச்சேன். விட்டா, அழுக்கோட வச்சிருக்கான்னு என்னையத்தானே கேப்பாங்கன்னு..."

"அதுக்குத் தோல் உரியிற வரைக்குமா தேப்ப?" என்றார் மல்லிகா.

"அவரு பொட்டு பொட்டுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

அப்போது சேகர் என் முந்தானையை இழுத்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "அக்கா, பொட்டு போச்சு" என்றான்.

வலிக்கிறது என்று அவன் சொல்லவில்லை. அக்கா வைத்த பொட்டைக் காப்பாற்ற முடியவில்லையே என்று அழுகிறான்.  அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால், "உங்க தம்பிய நீங்களே வச்சுக்குங்க" என்று மல்லிகா கையில் கொடுத்துவிடுவார். ஆபரேஷனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. இது ஒரு காரணம். மூட்டை மூட்டையாக ஊரார் பொய்யைக் குத்தி எடுத்தவள் இத்தனை பேர் முன்னால் அகப்பட்டு நிற்க முடியாது என்பது இன்னொரு காரணம். பாண்டியன் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "இனிமே இப்படி நடக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலம் இவர் என் சேலைகளைப் பையில் அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்த மை பாட்டில ஆபீசுல திரும்பக் குடுத்துட்டேன்."  நான் எனக்குள் என்ன வைத்திருக்கிறேன் என்று இவர் பார்த்துவிட்டார். நான்தான் இவருக்குள் என்ன இருக்கிறது என்று பதினாறு வருஷம் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனைப் பற்றி: எனக்கு உலோக வால்வு வைத்தார்கள். அது நீடித்து உழைக்கும், ஆனால் அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசு முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும், அளவு சரியா என்று அடிக்கடி ரத்தம் சோதிக்க வேண்டும். செலவில் பெரும்பகுதி காப்பீட்டு அட்டையில் போயிற்று. மீதிக்கு நான் கேட்காமலே மகள் தன் வளையலை அடகு வைத்திருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன படிவத்தில் ஒவ்வொரு வரியையும் படித்தேன். நர்ஸ் கொட்டாவி விட்டாள். கண் விழித்தபோது தொண்டையில் குழாய், பேச முடியாது. கையைக் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடுவேனாம். தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்த கை யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது. ஒருவரையும் சந்தேகப்படத் தெம்பில்லாத மூன்று நாள் அவை. இருமும்போது நெஞ்சு பிளப்பதுபோல வலிக்கும். ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுத்தார்கள்.

ஐசியூ கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் வாசலில் போன் சிக்னல் கிடையாது. இவர் அந்த வாசலை விட்டு மூன்று நாளும் நகரவில்லை. என் போன் அணைத்துப் பையில் கிடந்தது.

வார்டுக்கு மாற்றிய மறுநாள், பார்வையாளர் நேரத்தில் மல்லிகா வந்து நின்றார். என்னிடம் நலம் கூட விசாரிக்கவில்லை. கட்டில் கால்மாட்டில் தொங்கிய அட்டையை எடுத்துப் படித்தார். அப்புறம் என் பக்கம் வந்து, "தையலக் காட்டுங்க" என்றார். திருப்பூரிலிருந்து வந்திருந்த மகள் முறைத்தாள். நான் மேல்துணியை விலக்கிக் காட்டினேன்.

"மூணு நாளா ரெண்டு நம்பரும் கெடைக்கல. சரி, இதுவும் ஓடிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும். தலையணையைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார். சேகர் முதுகு ஆறிவிட்டது என்றார். அப்புறம் சொன்னார்: "அந்தப் பாண்டியன மாசக் கடைசியில நிப்பாட்டிடப் போறேன். கை முரட்டுக் கை. இன்னொரு தடவை இப்படி ஆனா என் பேரு கெட்டுப்போகும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குவதாக நினைத்துப் போய்விடட்டும் என்று ஒரு கணம் இருந்தேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன். மை, இரண்டு பூச்சு, பத்து நாள் கணக்கு, பொட்டு என்று சொன்னது, எல்லாவற்றையும்.

மல்லிகா முகம் மாறியது. "பதினஞ்சு நாள் ஆச்சு. அத்தனை பேருக்கு முன்னாடி பாண்டியன் நின்னான்."

"ஆமாங்க."

"என்னைய நம்பாம மூட்டைக்கு அடிக்கிற மையை மனுசன் மேல அடிச்சிருக்கீங்க."

"ஆமாங்க."

"உங்க தம்பிய வச்சுக்கிறதா வேணாமான்னு நான் யோசிக்கணும்" என்று எழுந்தார். "எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? பாண்டியன்கிட்ட சொல்லுங்க" என்று போய்விட்டார்.

அதற்கப்புறம் வந்த நாட்களில்தான் நான் உண்மையாகவே பயந்தேன். வலி, ஊசி எதுவும் பெரிசில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போடும், வந்து கூட்டிப்போங்கள் என்பதற்கோ என்று. போன் வராவிட்டால் வேறு பயம். என் மேல் இருக்கிற கோபத்தை மல்லிகா சேகர் மேல் காட்டுவாளோ, சாப்பாட்டில் குறைப்பாளோ. இவரைப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். போனார். "நல்லா இருக்கான். ஆனா மல்லிகாம்மா எங்கூட பேசல" என்றார். பாண்டியனை நிறுத்தவில்லை என்று மட்டும் தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்த நிமிஷமே இன்னொரு எண்ணம் வந்தது: சேகரைக் குளிப்பாட்டுவது இப்போது அதே பாண்டியன்தான், நடந்ததெல்லாம் தெரிந்த பாண்டியனா, தெரியாத பாண்டியனா?

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: "சேகரை இங்கயே கூட்டிட்டு வந்துடலாம். ஆள் போட்டுப் பாத்துப்போம்."

"கூட்டிட்டு வந்துட்டா நீ அங்க போய் அந்த ஆளு மூஞ்சியப் பாக்க வேணாம். அதானே?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் என்னைக் குத்திப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

ஏழாவது வாரம் டாக்டர் காரில் போகலாம் என்றார். நெஞ்சில் தலையணையை அணைத்துக்கொண்டு போனேன். சொல்லாமல்தான் போனேன், புத்தி போகுமா? காலை எட்டரை மணி, குளிக்கிற நேரம். மல்லிகா என்னைப் பார்த்துவிட்டு கொல்லைப்பக்கம் கையைக் காட்டினார்.

தொட்டி ஓரமாகச் சிமெண்ட் மேடையில் நாலு பேர் துண்டு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சேகர் நாலாவது. பாண்டியன் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றக் கையில் மொண்டு மொண்டு தண்ணியை ஊற்றினார். சோப்பை அவர்கள் கையிலேயே கொடுத்தார். எட்டின இடத்தில் அவர்களே போட்டுக்கொண்டார்கள். எட்டாத இடத்துக்குத் தண்ணி மட்டும்தான். ஒருவர் மேலும் அவர் கை படவில்லை.

"முதுகு தேய்க்கிறதில்லையா?" என்றேன்.

பாண்டியன் திரும்பினார். என்னைக் கண்டதும் மொள்ளுகிற சொம்பைக் கீழே வைத்தார். "அன்னையிலேருந்து யாருக்கும் தேய்க்கிறதில்லைங்க. எதுக்குங்க வம்பு? தண்ணி ஊத்தி விட்டுடுறேன்."

பதினாலு பேர். ஏழு வாரத்துக்கும் மேலே. ஒருத்தர் முதுகையும் யாரும் தொடவில்லை. தண்ணியை ஊற்றி விரட்டுவார்களோ என்று பயந்து ஒரு காரியம் செய்தேன். இப்போது அதேதான் நடக்கிறது, என்னால்.

"மல்லிகாம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"நீங்க வந்து ஒரு விஷயம் சொல்லுவீங்கன்னாங்க. என்னன்னு சொல்லலைங்க."

சொன்னேன். அந்த நாலு பேரும் கேட்க, நின்றபடியே சொன்னேன். நெஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு முடித்தேன். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. அழுக்கைப் போக்கணும்னு தேச்சிருக்கீங்க. அன்னைக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்புள்ளையத் தூக்கவே பயமா இருந்துச்சுங்க" என்றார். "நம்ம கைக்கு அளவு தெரியாமப் போச்சோ, நாம இந்த வேலைக்கு லாயக்கில்லையோன்னு." அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை.

"இனிமே தேச்சு விடுங்க, பாண்டியன். உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்."

"அப்ப நீங்க இங்க நின்னு பாருங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். "நீங்க பாத்துக்கிட்டு இருந்தீங்கன்னா தேய்க்கிறேன். பாக்காதப்ப மாட்டேங்க."

நியாயம்தான். நான் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் நான் நின்று பார்த்தால் நாளைக்கு யார் பார்ப்பார்கள்? நாளன்றைக்கு? மல்லிகா வைத்துக்கொண்டால், என் தம்பி மிச்ச ஆயுசையும் இங்கேதான் கழிக்கப்போகிறான். ஒவ்வொரு நாளும் குத்தூசியோடு வந்து நிற்க என்னால் முடியாது.

நான் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். எதிரே கொல்லைச் சுவர், அதற்கு அப்பால் அரசலாறு.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை. தண்ணி ஊற்றுவது கூட நின்றுவிட்டது. போய்விட்டாரோ, தலையை ஆட்டிக்கொண்டு நிற்கிறாரோ, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாரோ. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு சேகரின் குரல் கேட்டது.

"அங்க இல்ல. மேல" என்றான். "இன்னும் மேல. நல்லா அழுத்து."